மெதுவாக ஓடும் இயந்திரத்தைக் கட்டு

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். திருச்சி அரியமங்கலம் சிட்கோவில் ஷெட் பிடித்தாயிற்று, லேத்தும் மில்லிங் மெஷினும் வந்திறங்கிவிட்டன, முதல் வேலையாக உலோகக் களைப்பையும் அரிப்புக் களைப்பையும் சோதிக்கிற இயந்திரம் கட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். இந்தப் பக்கம் யாரும் சுலபத்தில் தொடாத வேலை. ஆனால் வரைபடத்தில் ஒரு விஷயம் உறுத்துகிறது. நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடும் மோட்டாரைப் போட்டு, சுழலும் ஸ்பெசிமன்மேல் உப்புநீரைச் சொட்டவிட்டு, அதற்கு அரிப்புக் களைப்புச் சோதனை இயந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறாய். அது களைப்பைச் சோதிக்கும். அரிப்பின் பாதிப்பைக் குறைத்துக் காட்டும். காரணத்தைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உன்னைப்போல இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் தபாலில் போடாமல் வெளியில் எழுதுகிறேன்.

உன் ஷெட்டுக்குப் பக்கத்திலேயே பொன்மலை. தென்னிந்திய ரயில்வே 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்த பணிமனையை அங்கே கொண்டுவந்தது. ஊட்டி மலை ரயிலுக்கு நம் காலத்திலும் புதிதாக நீராவி எஞ்சின் கட்டித் தந்த இடம் அது. நீ எடுத்துக்கொண்ட துறை பிறந்ததே ரயில் ஆக்ஸிலில்தான். 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலில், முன்னால் இருந்த எஞ்சினின் ஆக்ஸில் ஒடிந்தது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. உலகத்தைக் கப்பலில் சுற்றிவந்த துமோன் துர்வில் குடும்பத்தோடு அதில் இறந்தார். நேற்றுவரை தாங்கிய ஆக்ஸில் இன்று ஒடிந்தது. ஓடி ஓடி இரும்பின் உள்ளமைப்பே படிகமாக மாறிவிடுகிறது என்றுதான் அன்றைக்குப் பலரும் நம்பினார்கள்.

ஜெர்மனியில் ரயில்வே பொறியாளராக இருந்த ஆகஸ்ட் வோலர் அந்த வாதத்துக்குள் போகவில்லை. இயந்திரம் கட்டினார். ஆக்ஸில் ஒரு சுற்றுச் சுற்றும்போது அதன் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒருமுறை இழுபடுகிறது, ஒருமுறை நசுங்குகிறது. அதையே பட்டறைக்குள் செய்துபார்த்தார். அவருடைய இயந்திரம் நிமிடத்துக்கு எழுபது சுற்றுச் சொச்சம்தான் ஓடியது. சில ஸ்பெசிமன்கள் பத்துக் கோடிச் சுற்றுகளையும் தாண்டின. அப்படியானால் ஒரே சோதனை வருடக்கணக்கில் ஓடியிருக்க வேண்டும். 1870 வாக்கில் அவர் சொல்லி முடித்தது இதுதான்: எவ்வளவு பெரிய சுமை என்பது மட்டும் போதாது, எத்தனை முறை என்பதும் வேண்டும்; ஆனால் ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் கீழே வைத்திருந்தால் எஃகு ஒடிவதில்லை. நம் பட்டறைகளில் ஷாஃப்ட் டிசைன் செய்கிற எல்லாரும் இன்றுவரை அந்த வரம்பை நம்பித்தான் பிழைக்கிறார்கள்.

தண்ணீர் பட்டதும் அந்த வரம்பு காணாமல் போகிறது. 1917-ல் ஹேக் என்ற ஆராய்ச்சியாளர் பித்தளையில் செய்த சோதனைகளில் இதன் முதல் அறிகுறியைக் காட்டினார். 1926 முதல் அமெரிக்கக் கடற்படையின் அன்னாபோலிஸ் ஆய்வுக்கூடத்தில் மெக்காடம் என்பவர் எஃகு எஃகாக எடுத்து, தண்ணீர் ஓடவிட்டுச் சுழற்றிப் பார்த்தார். உப்புநீர் மட்டும் அல்ல, நல்ல தண்ணீரே போதுமாக இருந்தது. காற்றில் சாதா எஃகைவிட இரண்டு மடங்கு தாங்கிய விலை உயர்ந்த அலாய் எஃகு, தண்ணீரில் அந்தச் சாதா எஃகோடு ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்து நின்றது. துருப்பிடிக்காத வகைகள் மட்டும் ஓரளவு தப்பின. வலுவான இரும்பாக வாங்கிப் போட்டுவிட்டால் கவலையில்லை என்று சொல்கிற வாடிக்கையாளர் உன்னிடம் நிச்சயம் வருவார். அவருக்கு இதைச் சொல்.

இனி வேகத்துக்கு வருகிறேன். விரிசல் வாய் திறக்கும்போது அதன் முனையில் புது உலோகம் வெளியே தெரிகிறது. அங்கே தண்ணீர் போய்ச் சேர வேண்டும். உலோகம் கொஞ்சம் கரைய வேண்டும். எஃகாக இருந்தால் பிறக்கும் ஹைட்ரஜன் உள்ளே நுழைய வேண்டும். மேலே ஒரு மெல்லிய படலம் கட்டும். அடுத்த சுற்று அதைக் கிழிக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் நேரம் தேவை. கிரைண்டரை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் இட்லி மாவு புளிக்கிற நேரத்தில்தான் புளிக்கும், அதுபோலத்தான் இதுவும். நொடிக்கு 48 சுற்று ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் தன் வேலையை முடிப்பதற்குள் விரிசல் மூடிவிடும். மெதுவாக ஓட்டினால் தாங்குவதைவிட அதிகச் சுற்றுகளை உன் ஸ்பெசிமன் தாங்கும். உப்புநீரின் பாதிப்பு இவ்வளவுதான் என்று நீ அறிக்கை எழுதுவாய். அதை நம்பி ஒருவர் கடற்கரையில் ஒரு கிரேனை நிறுத்துவார்.

கடலில் எண்ணெய் எடுக்கும் கடல்மேடையின் கால்களை அலை தாக்குவது ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை. அதனால் உலகெங்கும் அதற்கான சோதனைகளை நொடிக்கு 0.1, 0.2 சுற்று வேகத்தில் செய்கிறார்கள். சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமான எஸ்.இ.ஆர்.சி.யில் கடல்மேடைக் குழாய் மூட்டுகளை வெல்டிங் செய்து, கடல்நீரில் வைத்துச் சோதித்து, முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். உனக்கு அவ்வளவு பெரிய ஆக்சுவேட்டரும் ஹைட்ராலிக் பம்பும் வேண்டாம், கட்டவும் முடியாது. ஆனால் கணக்கு ஒன்றுதான். பத்து லட்சம் சுற்றை உன் மோட்டார் ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிடும், நொடிக்கு 0.2 சுற்றில் அதற்கு 58 நாள் ஆகும்.

இந்த 58 நாளைக் கேட்டதும் நீ தளர்ந்துவிடுவாய் என்று தெரியும். எனக்கென்னவோ உன்னைப் போன்ற சிறிய பட்டறைக்கு இதில்தான் வாய்ப்பு இருக்கிறதென்று தோன்றுகிறது. ஒரு சோதனைக்கே இரண்டு மாதம் ஆகிறது என்றால், வாடிக்கையாளருக்குக் கோடி ரூபாயில் ஒற்றை வெளிநாட்டு இயந்திரம் உதவாது. மலிவாக, எளிமையாக, பத்து ஸ்பெசிமன் ஒரே நேரத்தில் ஓடுகிற இயந்திரம்தான் வேண்டும். நிமிடத்துக்கு 12 சுற்று ஓடும் கியர் மோட்டார் எடு. நீளமான ஒரு ஷாஃப்டில் பத்து எக்சென்ட்ரிக் போடு. ஒவ்வொன்றும் ஒரு கிராங்க் கம்பியால் ஒரு தட்டை ஸ்பெசிமனை வளைக்கட்டும். எக்சென்ட்ரிக் கோணங்களை ஒன்றுக்கொன்று தள்ளி வை, மோட்டார்மேல் சுமை சமமாக விழும். இதற்கு வேண்டிய எல்லா வேலையும் அரியமங்கலத்துக்கும் துவாக்குடிக்கும் நடுவிலேயே முடிந்துவிடும்.

மெதுவாக ஓடுவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. லோட் செல்லுக்கும் ஸ்பெசிமனுக்கும் நடுவில் ஐந்து கிலோ எடையில் ஒரு கிரிப் இருக்கிறது, அது ஒரு மில்லிமீட்டர் அப்படியும் இப்படியும் ஆடுகிறது என்று வைத்துக்கொள். நொடிக்கு 24 சுற்றில் அந்த கிரிப்பை ஆட்டுவதற்கே 114 நியூட்டன் விசை செலவாகும். லோட் செல் காட்டுவது ஒன்று, ஸ்பெசிமன் படுவது வேறொன்று. நின்ற நிலையில் காலிப்ரேஷன் செய்து சான்றிதழ் வாங்கி மாட்டியிருந்தாலும் பிழை பிழைதான். நொடிக்கு 0.2 சுற்றில் அந்த விசை நியூட்டனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. வேகமான இயந்திரம் கட்டினால் ஸ்பெசிமன்மேலேயே ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, ஓடும்போது அளந்து சரிபார்க்காமல் விற்காதே.

கிராங்க் இயந்திரத்துக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்காதே. கிராங்க் தருவது மாறாத இடப்பெயர்ச்சி, மாறாத விசை அல்ல. விரிசல் வளர வளர ஸ்பெசிமன் தளர்ந்துகொடுக்கும், சுமை இறங்கும், விரிசலின் வேகமும் குறையும். எடையைத் தொங்கவிடுகிற இயந்திரத்தில் நேர்மாறு. கடைசி நேரத்தில் விரிசல் பாய்ந்து ஓடும். இரண்டும் சரியான சோதனைகளே. எது நடந்தது என்பதை அறிக்கையில் எழுதாவிட்டால்தான் தவறு. ஸ்பெசிமன் மாட்டும் ஒவ்வொரு நிலையத்திலும் சிறிய லோட் செல் வைத்துச் சுமை இறங்குவதைப் பதிவுசெய். விரிசல் எப்போது பிறந்தது என்பதையும் அந்தக் கோடே சொல்லிவிடும்.

வேக இயந்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காற்றில் செய்கிற சோதனைக்கு அது வேண்டும். அதன் முடிவு பக்கத்தில் இல்லாமல் உப்புநீர் முடிவுக்கு அர்த்தமே இல்லை. 1,440 சுற்று மோட்டார் போதும். ஒரு கோடிச் சுற்று ஐந்து நாளுக்குள் முடிந்துவிடும். நீ வரைந்திருக்கும் 7.5 மி.மீ. ஸ்பெசிமனில் 300 மெகாபாஸ்கல் தகைவு வரவேண்டுமானால், 125 மி.மீ. கை நீளத்துக்குப் பத்துக் கிலோ எடைக்கல் தொங்கவிட்டால் போதும். மளிகைக் கடைத் தராசுக்கல்லே உன் லோட் ஸ்டாண்டர்ட்! எடையில் பிழை வர வழியில்லை. பிழை வருவது விட்டத்தில். தகைவு விட்டத்தின் முப்படியைப் பொறுத்தது. 7.5 என்று நினைத்துக்கொண்டு 7.4-ஐ மாட்டினால் தகைவு நான்கு விழுக்காடு ஏறும். நான்குதானே என்று விடாதே; எஃகின் தகைவு-ஆயுள் வளைகோடு கிட்டத்தட்டப் படுத்துக்கிடப்பது, நான்கு விழுக்காடு தகைவில் ஆயுள் ஒன்றரை மடங்கு மாறிவிடும். ஒவ்வொரு ஸ்பெசிமனையும் மாட்டுவதற்கு முன் மைக்ரோமீட்டரில் அள. மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார். எமரி பேப்பரைக் கடைசியில் நீளவாக்கில்தான் போட வேண்டும். லேத்தில் சுற்றவிட்டுப் பளபளப்பாக்கினால் வட்டக் கீறல்கள் விழும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

உன் இயந்திரத்தின் ஸ்பிண்டிலும் ஒரு ஸ்பெசிமன்தான் என்பதை மறந்துவிடாதே. 1,440 சுற்றில் ஒரு வருடம் ஓடினால் எழுபத்தைந்து கோடிச் சுற்று. தோள்பட்டையில் தாராளமாக ரேடியஸ் கொடு, சாவிப் பள்ளத்தைத் தகைவு குறைந்த இடத்துக்குத் தள்ளு. வாடிக்கையாளருடைய ஸ்பெசிமனுக்கு முன்னால் உன் ஷாஃப்ட் ஒடிந்தால் அந்த அவமானத்தை விலை கொடுத்தும் தீர்க்க முடியாது.

அடுத்தது உப்புநீர் அறை. உன் வரைபடத்தில் இது ஒரு சதுரப் பெட்டியாக மட்டும் இருக்கிறது. கஷ்டமெல்லாம் இங்கேதான்.

ஸ்பெசிமனைத் தவிர வேறெந்த உலோகமும் அந்த நீரைத் தொடக் கூடாது. துத்தநாகப் பூச்சுப் போட்ட ஒரு நட்டு உள்ளே இருந்தால் போதும். அது தான் கரைந்து உன் எஃகைக் காப்பாற்றிவிடும், ஆயுள் கூடிவிட்டதாக நீ மகிழ்ந்துபோவாய். ஸ்டெயின்லெஸ் கிரிப் நீரில் நனைந்தபடி ஸ்பெசிமனைத் தொட்டால் எதிர்ப்பக்கம் நடக்கும், ஸ்பெசிமன் வேகமாகக் கரையும். அலுமினியத்தைச் சோதிக்கும்போது பித்தளை நாசில் வைத்தால் அதிலிருந்து கசிகிற செம்பே குழி போட்டுவிடும். பெட்டிக்கு அக்ரிலிக், இணைப்புகளுக்கு நைலான், டெஃப்லான், குழாய்க்கு சிலிக்கான் என்று வைத்துக்கொள். கிரிப்புக்கும் ஸ்பெசிமனுக்கும் நடுவில் காப்புத் தகடு போட்டு, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு நீரை ஊற்று.

விஎஃப்டி டிரைவ் வைக்கிறாயா, அதன் கசிவு மின்சாரம் பேரிங் வழியாகப் பாயும். பேரிங்கில் பல்வரிசைபோலத் தடம் விழுவதைப் பார்த்திருப்பாய். அதே மின்சாரம் ஸ்பெசிமன் வழியாக உப்புநீருக்குள்ளும் போனால் நீ அளப்பது அரிப்பையா அந்த டிரைவையா என்றே தெரியாது. எர்த்தை முதல் நாளே சரியாகப் போடு.

கரைசலுக்குக் கடையில் விற்கிற அயோடின் உப்பு வேண்டாம். ஆய்வகத் தரத்தில் சோடியம் குளோரைடு, வாலை வடிநீர், 3.5 விழுக்காடு. நீரைச் சுற்றவிடு, காற்றுக் குமிழி விடு, வெப்பநிலையையும் பிஎச் மதிப்பையும் தினமும் எழுது. ஒரு மேற்கோள் மின்முனை வைத்து ஸ்பெசிமனின் மின்னழுத்தத்தையும் பதிவுசெய்தால் உன் அறிக்கையின் மதிப்பே வேறு. இதை நான் சொல்லிப் புரியாது. காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான செக்ரி இருக்கிறது, அரிப்பைப் பற்றி நாட்டிலேயே அதிகம் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வா.

உப்பு ஆவி பேரிங்குக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் எமன். கண்ட்ரோல் பேனலை வேறு சுவரில் மாட்டு.

கரண்ட் போவதையும் யோசி. மோட்டார் நின்றாலும் நீர் நிற்காது. அரிப்பு தன் பாட்டுக்கு நடந்துகொண்டேயிருக்கும். கவுண்டர் எண்ணிக்கையை மறக்கக் கூடாது. எத்தனை மணிக்கு நின்றது, எப்போது தொடங்கியது என்பதும் பதிவாக வேண்டும். தானாக மீண்டும் ஓடத் தொடங்குகிற அமைப்பு வேண்டாம். நீர் சுற்றுகிறதா என்று ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டு பட்டனை அழுத்தட்டும்.

ஒடிந்த ஸ்பெசிமனைக் கையில் எடுத்ததும் யாராக இருந்தாலும் முதலில் செய்வது, இரண்டு துண்டையும் ஒட்டவைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. உன் பட்டறையில் அதற்குத் தடை போடு. முறிவுப் பரப்பில் விரிசல் எங்கே பிறந்தது, எப்படி நகர்ந்தது, எங்கே கைவிட்டது என்பதெல்லாம் நுண்ணிய கோடுகளாகப் பதிந்திருக்கும். ஒட்டவைத்துத் தேய்த்தால் எல்லாம் அழிந்துபோகும். வடிநீரில் கழுவி, ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வை. காவிரிக் கரை ஈரத்தில் ஒரே இரவில் துரு ஏறிவிடும்.

எது உன்னால் முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருவெறும்பூரில் பாய்லர் ஆலை 1965-லிருந்து ஓடுகிறது. வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975-லிருந்து. அந்த வட்டாரத்தில் இருந்துகொண்டு பாய்லர் டியூப் பற்றிக் கேள்வி வராமல் இருக்காது. சுவர் டியூபுகளில் வெளியே ஒரு தாங்கியை வெல்டிங் செய்த இடத்துக்கு நேர் உட்புறத்தில், தண்ணீர் பக்கம், வரிசையாக விரிசல்கள் பிறக்கின்றன. அதுவும் அரிப்புக் களைப்புதான். அணைத்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் தகைவு ஒரு சுற்று. ஏற்றும்போது நீரில் ஆக்சிஜன் கலந்திருந்தால் இன்னும் மோசம். பகலில் சூரிய மின்சாரம் வந்து குவிவதால் அனல் நிலையங்களை 40 விழுக்காடு சுமைக்கு இறக்கி ஏற்றச் சொல்லி 2023-ல் விதியே வந்துவிட்டது. நிதானமாக எரிவதற்கென்று கட்டிய பாய்லர்கள் இனி தினமும் ஏறி இறங்கும். இந்த வேலைக்கு வருங்காலம் உண்டு. ஆனால் அந்த டியூபுக்குள் இருப்பது முந்நூறு டிகிரி வெந்நீர், காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம். அறை வெப்பத்து உப்புநீர்ச் சோதனையைக் காட்டி அதற்குப் பதில் சொல்லாதே. ஆட்டோகிளேவ் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிவை. வேலையை விட்டுக்கொடுத்தவள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெரிய ஆலை ஒன்றின் ஆர்டரை மட்டும் நம்பியிருந்த பட்டறைகள் ஆர்டர் குறைந்தபோது பட்ட பாட்டை நீயும் பார்த்திருப்பாய். உன் பெயரை நம்பி வருகிற வேலைதான் நிலைக்கும்.

எது ஒடிந்தாலும் களைப்பு என்று சொல்கிற பழக்கமும் வேண்டாம். 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்தபோது, துருப்பிடித்த இரும்பு என்று டீக்கடையில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். முதலில் போனது இரும்பு அல்ல, தூண். அடியிலிருந்த மண்ணை ஆறு அரித்தெடுத்தது. அதே நேரம், 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்த அலோஹா விமானத்தின் கூரை பிய்ந்துகொண்டு போனதே, அது அசல் நம் சரக்கு. சிறு தீவுகளுக்கு நடுவே தினமும் பலமுறை ஏறி இறங்கியது, கடல் உப்புக்காற்று, ஒட்டு விட்டுப்போன மூட்டு, ரிவெட் துளைகளில் விரிசல். மொத்தம் 89,000-க்கும் மேற்பட்ட பறப்புகள். இரண்டு காரணமும் சேர்ந்தால் மட்டும் நம் துறை. சேர்ந்தனவா என்று காட்டுவது உன் பொறுப்பு.

கடைசியாக, முடிவுகளின் சிதறல். ஒரே கம்பியில் வெட்டிய ஆறு ஸ்பெசிமன், ஒரே சுமை. ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு ஓடும், இன்னொன்று பாதியிலேயே போகும். வாடிக்கையாளர் அந்தப் பாதியில் போனதை நீக்கிவிடச் சொல்வார். நீக்காதே. மாட்டியது கோணலா, கீறல் இருந்ததா என்று தேடு. காரணம் கிடைத்தால் காரணத்தோடு எழுது, கிடைக்காவிட்டால் எண்ணை அப்படியே எழுது. வடிவமைப்பாளருக்கு வேண்டியதே அந்தக் குறைந்த எண்தான்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். பத்து நிலையத்தில் எட்டை விற்றுப் பிழை. இரண்டை மட்டும் ஒதுக்கிவை. ஒன்றில் காவிரித் தண்ணீர், இன்னொன்றில் உய்யக்கொண்டான் வாய்க்கால் தண்ணீர். இரண்டிலும் நம் கடைகளில் எல்லாரும் வாங்குகிற சாதா கட்டமைப்பு எஃகு, வெல்டிங் போட்டது ஒன்று, போடாதது ஒன்று என்று மாற்றி மாற்றி, வருடக்கணக்கில் ஓடட்டும். வரும் எண்களை வரைபடமாக்கித் தமிழிலேயே அச்சிட்டு, மதகு, ஷட்டர், பம்ப் ஷாஃப்ட் செய்கிற ஒவ்வொரு பட்டறைக்கும் இலவசமாகக் கொடு. அச்சுச் செலவு என்னுடையது.

அன்புடன்,
மாமா